இல்லத்தில் அறிவியல்: மின்தடையும் நம் வீட்டுக் கணிப்பொறியும்



தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் எழுதிய மடல் இம்மாதம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மகள் முதுகலை வகுப்பில் பயில்பவள். ஆய்வேட்டின் எழுபது பக்கங்களை வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து முடித்திருக்கிறாள். ஒரு மாலைப்பொழுதில் இடி முழங்கிற்று, மின்சாரம் நின்றது, உடனே வந்தது, மீண்டும் நின்றது. இரண்டு நிமிடங்களுக்குள் மும்முறை இவ்வாறு நிகழ்ந்த பின்னர், கணிப்பொறி கண் திறக்கவே மறுத்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றபோது, கோப்புகளைத் தாங்கியிருந்த ஹார்டு டிஸ்க் பயனற்றுப் போய்விட்டது என்று அவர் கைவிரித்துவிட்டார்.

ஆய்வேட்டைக் கையெழுத்துக் குறிப்புகளைக் கொண்டு இருபது நாள் கண்விழித்து மீண்டும் எழுதிவிட்டாள் அம்மகள். ஆனால் அதே பெட்டிக்குள், மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த தந்தையின் படங்களும் இருந்தன. மகளின் புதுநன்மை நாளன்று அவளைத் தோள்மீது தூக்கிக்கொண்டு அவர் நிற்கும் படமும் அவற்றுள் ஒன்று. அவற்றுக்கு வேறு படி இல்லை. நாங்கள் செய்த தவறு என்ன, இனி என்ன செய்ய வேண்டும் என்று அத்தாய் வினவியிருக்கிறார். அவருக்கு எழுதும் விடை நம் எல்லா இல்லங்களுக்கும் உரியது என்பதால் இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

மின்தடை நமக்குப் புதிதன்று. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இன்றித் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பஞ்சம் பின்னர் பெரிதும் தணிந்தது. எனினும் புயலும் மழையும் நம்மை விட்டு நீங்கவில்லை. 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே, 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பரில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்து காவிரிக் கழிமுகத்தையே சாய்த்த கஜா ஆகிய மூன்றும் மின்கம்பங்களை வேரோடு பெயர்த்தன. கஜாவுக்குப் பின் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இவையன்றி, பராமரிப்புப் பணிக்காக முன்னறிவித்துச் செய்யப்படும் பகல்நேர நிறுத்தமும் உண்டு. ஆகவே மின்சாரம் போகாது என்று எண்ணி வாழ்வதைவிட, போகும் என்று எண்ணி ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமை.

மின்சாரம் நிற்கும்போது உள்ளே நிகழ்வது யாது?

கணிப்பொறிக்கு இருவகை நினைவுகள் உண்டு. ஒன்று, வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும் பயன்படுகிற தற்காலிக நினைவு. மற்றொன்று, ஹார்டு டிஸ்க் போன்ற நிலையான நினைவு. முன்னதைக் கரும்பலகைக்கும் பின்னதைக் கணக்கேட்டுக்கும் ஒப்பிடலாம். நாம் தட்டச்சு செய்யும் சொற்கள் முதலில் கரும்பலகையில்தான் எழுதப்படுகின்றன. ‘சேமி’ என்று கட்டளையிட்ட பின்னரே அவை ஏட்டில் ஏறுகின்றன. மின்சாரம் நின்ற கணமே கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். சேமிக்காத வேலை மறைவது இதனால்தான்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை தட்டிவிடப்பட்டால் வரி பாதியில் நிற்குமல்லவா? அவ்வாறே, கோப்பு ஒன்றைச் சேமிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், அக்கோப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாகச் சிதைந்துபோகலாம். இக்காலக் கணிப்பொறிகள் தாம் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டு பிறகே செய்கின்றன. ஆதலால் முழு ஏடும் குழம்பிப்போவது முன்னைவிடக் குறைந்துள்ளது. ஆயினும் அந்த ஏற்பாடு ஏட்டின் ஒழுங்கைத்தான் காக்கும். நாம் எழுதிய வரிகளைக் காக்கும் என்று உறுதி கூற இயலாது.

ஹார்டு டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. மின்சாரம் திடீரென நின்றால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே சிறிது மின்சாரம் எடுத்து, அம்முனை தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். வியக்கத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் இரண்டு நிமிடத்தில் மும்முறை நின்று நின்று ஓடினால் எந்த இயந்திரமும் இடர்ப்படும். சுழலும் தட்டு இல்லாத, எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்திலும் அச்சம் இல்லாமற் போகவில்லை. எந்தச் செய்தி எந்த அறையில் உள்ளது என்னும் அட்டவணையை அது ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தும் நடுவில் மின்சாரம் நின்றால் அட்டவணையே பழுதாகக்கூடும்.

போவதைவிட வருவதே அஞ்சத்தக்கது

மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் விதமே பெரும்பாலும் கருவிகளைக் கெடுக்கிறது. நம் வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். தடை நீங்கி மின்சாரம் வரும் கணத்தில் தெருவிலுள்ள எல்லா நீரேற்றும் மோட்டார்களும் குளிர்பதனப் பெட்டிகளும் ஒருசேர இயங்கத் தொடங்கும். அப்போது அழுத்தம் தாழ்ந்து உயர்ந்து அலைபாயும். ஆகையால் மின்சாரம் நின்றவுடன் கணிப்பொறியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மீண்டும் வந்த பின், விளக்கும் விசிறியும் ஐந்து முதல் பத்து நிமிடம் சீராக இயங்குவதைப் பார்த்து, அதன்பின் கணிப்பொறியை இயக்குங்கள். மடல் எழுதிய தாயின் வீட்டில் இந்தச் சிறு செயல் நிகழ்ந்திருந்தால் இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் அக்கணிப்பொறிமீது விழுந்திரா.

மற்றோர் ஆபத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவுக்கு மின்சாரம் மூன்று பேஸ் கம்பிகளிலும் ஒரு நியூட்ரல் கம்பியிலும் வருகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். புயற்காற்றிலோ துருப்பிடித்த இணைப்பிலோ நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், சில வீடுகளில் அழுத்தம் 230-ஐக் கடந்து 400-ஐ நெருங்கக்கூடும். ஒரு வீட்டில் விளக்குகள் சிலவற்றின் ஒளி கண்ணைப் பறிக்க, வேறு சில மங்கி எரியுமானால் அதுவே அடையாளம். அப்போது ஆராய்ந்துகொண்டிராமல் மெயின் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கணிப்பொறி மட்டுமன்று, வீடே எரியாமல் தப்புவதும் இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது.

இடி மின்னலின்போது செய்யத்தக்கது ஒன்றே: மின்னல் நெருங்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னலின் ஆற்றல் சுவிட்சின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பாயவல்லது. இணைய இணைப்புக்கு வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். அந்த வழியாகவும் மின்னல் உள்ளே நுழையும். இடி தலைக்குமேல் முழங்கத் தொடங்கிய பின்னரோ எந்தக் கம்பியையும் தொடாதிருப்பதே நன்று. பொருளைவிட உயிர் பெரிது.

திடீர் உயரழுத்தத்தைத் தடுப்பதற்கென்று ஸ்பைக் கார்டு எனும் பலகை கடைகளில் கிடைக்கிறது. சிறு அதிர்ச்சிகளை அது தாங்கும். நேராக விழும் மின்னலைத் தாங்காது. தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும் இயல்புடையதாகையால், அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் புதிது வாங்க வேண்டும். சாதாரண இணைப்புப் பலகை பல துளைகளுடன் இருப்பதாலேயே ஸ்பைக் கார்டு ஆகிவிடாது. இன்னொன்று: வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இல்லையெனில் இத்தகைய காவற்கருவிகள் முழுப்பயன் தரா. கொல்லையில் எர்த்துக் குழி இருக்கிறதா, கோடையில் அது வறண்டு கிடக்கிறதா என்பதைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்று கருவிகள், மூன்று பணிகள்

ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யு.பி.எஸ். ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் பலரிடம் உண்டு. ஸ்டெபிலைசர் ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சமன் செய்யும். மின்சாரம் நின்றால் அதனால் ஆவது ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் பெரிய பேட்டரியைக் கொண்டு விளக்கையும் விசிறியையும் பல மணி நேரம் ஓட்டும். ஆனால் மின்சாரம் நின்றதற்கும் அது பணி ஏற்பதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. விசிறி அதனை உணராது. கணிப்பொறியோ உணரும். அதன் உள்ளேயுள்ள மின்வழங்கி, மின்சாரம் நின்ற பின் ஏறத்தாழ 16 மில்லி செகண்டு வரைதான், அதாவது ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குதான், தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். எனும் கருவி பொதுவாக 10 மில்லி செகண்டுக்குள் பணி ஏற்றுவிடுகிறது. ஆகவே கணிப்பொறி அறியாமலே கைமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறத்தில் யு.பி.எஸ். நிலை, சாதாரண நிலை என்று ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கணிப்பொறி அந்த இணைப்பில் இருந்தால் யு.பி.எஸ். நிலையிலேயே வையுங்கள். புதிதாக வாங்குவோர் சதுர அலை இன்வெர்ட்டரைத் தவிர்த்து, சைன் அலை தருவதையே வாங்க வேண்டும். சதுர அலையில் சிலவகைக் கணிப்பொறிகள் தாமாக அணைந்துவிடும்.

மடிக்கணிப்பொறி வைத்திருப்போருக்கு இவ்வகையில் கவலை குறைவு. அதன் வயிற்றிலேயே பேட்டரி இருக்கிறது. அந்தப் பேட்டரி கெட்டுப்போய், பிளக்கைப் பிடுங்கியவுடன் அணைந்துவிடும் நிலையிலுள்ள மடிக்கணிப்பொறிக்கு அச்சலுகை இல்லை என்பதையும் நினைவிற்கொள்க.

யு.பி.எஸ். வாங்குவோர் கவனத்துக்கு

பெட்டியின்மேல் 600 வி.ஏ. என்று அச்சிட்டிருக்கும். அதனை 600 வாட் என்று எண்ணிவிடலாகாது. அவ்வகைக் கருவிகள் பல 360 வாட் வரையே தாங்குவன. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து எழுத்துப் பணியின்போது 100 முதல் 150 வாட் வரை கொள்ளும் என்பதால் சாதாரண இல்லத்துக்கு இது போதுமானதே.

எவ்வளவு நேரம் ஓடும்? அதனுள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 120 வாட் கொள்ளும் கணிப்பொறிக்கு இது நாற்பது நிமிடம் வரவேண்டும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் விரைந்து செலவழிக்கப்படும் பேட்டரி தன் முழு அளவையும் தருவதில்லை. மாற்றத்திலும் சிறிது வீணாகும். ஆகப் புதிய பேட்டரியில் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை எதிர்பார்க்கலாம். இது வேலையைத் தொடர்வதற்கான நேரமன்று. முடித்து மூடுவதற்கான நேரம். கூவல் ஒலி கேட்டவுடன் சேமியுங்கள், மூடுங்கள், அணையுங்கள். யு.பி.எஸ்.ஸிலிருந்து கணிப்பொறிக்கு யு.எஸ்.பி. கம்பி இணைக்கும் வசதி இருந்தால், வீட்டில் யாரும் இல்லாதபோதும் கணிப்பொறி தானாகவே முறைப்படி மூடிக்கொள்ளும்படி அமைத்துவிடலாம்.

லேசர் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். மையைத் தாளில் உருக்கிப் பதிக்கும் அதன் உருளை சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும்; யு.பி.எஸ். திணறி அணைந்து, கணிப்பொறியையும் உடன் வீழ்த்தும்.

இதன் பேட்டரிக்கு வெப்பமே பகை. 25 பாகை வெப்பத்துக்குமேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொதுவிதி. சன்னல் வெயிலிலோ, திரைச்சீலைக்குப் பின்னாலோ, மேசை இழுப்பறைக்குள்ளோ அதனை அடைத்து வைப்போர் மூன்றாண்டு ஓடவேண்டியதை ஓராண்டில் முடித்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் சேமித்து மூடிவிட்டு, சுவர்ச் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடமும் தாங்காவிடில் பேட்டரியை மாற்றுங்கள். உப்பிய பேட்டரியையோ ஒரு நாளும் வைத்திருத்தல் ஆகாது. பழையதைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடமே ஒப்படையுங்கள். அதனுள் ஈயமும் அமிலமும் உள்ளன.

செலவில்லாத பழக்கங்கள்

யு.பி.எஸ். வாங்க இயலாத இல்லத்தார் மனந்தளர வேண்டா. ஒரு பத்தி எழுதி முடித்தவுடன் கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் ஒருங்கே அழுத்திச் சேமிக்கும் பழக்கம் ஒரு காசும் கேளாது. எழுத்துப் பணிக்கான மென்பொருள்களில் தானாக மீட்புப்படி எடுக்கும் ஏற்பாடு உண்டு. அது வழக்கமாகப் பத்து நிமிட இடைவெளியில் அமைந்திருந்தால், இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். கணிப்பொறி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விளைவு கொடிதாகலாம். ஆதலால் வானம் கறுத்த நாளிலும், மின்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட நாளிலும் அப்பணியைத் தொடங்காதீர்கள்.

தடைக்குப் பின் இயக்கும்போது, சேமிப்பகத்தைச் சரிபார்ப்பதாகத் திரையில் அறிவிப்பு வந்தால் பொறுமையுடன் விட்டுவிடுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். ஆனால் பெட்டியிலிருந்து ‘டக், டக்’ என்ற ஒலி இடைவிடாது எழுந்தால் அக்கணமே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, எஞ்சியுள்ளதையும் அழிப்பதாகும். கோப்புகளை மீட்பதில் தேர்ந்தவரிடம் அப்படியே ஒப்படைப்பதே வழி.

படி எடுத்தலே பெருங்காவல்

இதுவரை கூறிய யாவும் கருவியைக் காப்பன. கோப்பைக் காப்பது ஒன்றே ஒன்று: வேறிடத்தில் ஒரு படி. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் 2000-களில் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. எந்தக் கோப்புக்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணிப்பொறியில் ஒன்று, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என்று கொள்ளலாம்.

வெளி டிஸ்க்கை வேலை முடிந்ததும் முறைப்படி விடுவித்துக் கழற்றி, ஈரம் படாத உயரமான இடத்தில் வையுங்கள். எந்நேரமும் மாட்டியே வைத்திருந்தால், கணிப்பொறியைத் தாக்கும் உயரழுத்தம் அதனையும் சேர்த்தே தாக்கும். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு உரியது. ஆண்டுக்கணக்கில் காப்பதற்கு உரியதன்று. அரசுச் சான்றிதழ்கள் பலவற்றை 2015-ல் மைய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் பெற்று வைத்துக்கொள்ளலாம். குடும்பப் படங்களையோ அரசு காத்துத் தராது. அது நம் பொறுப்பு. திங்கள்தோறும் முதல் ஞாயிறு மாலை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளிடமே இப்பணியை ஒப்படையுங்கள். எடுத்த படியில் இரண்டொரு கோப்பைத் திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள். திறந்து பாராத படி, உள்ளது என்று நம்பப்படும் படியே தவிர, உள்ள படியன்று.

மடல் எழுதிய அன்னைக்கு நாம் விடை எழுதியபோது ஒன்று கேட்டோம்: உங்கள் உறவினருள் யாருக்கேனும் அப்படங்களை எப்போதாவது அனுப்பியதுண்டா? அவரும் தேடியிருக்கிறார். திருச்சியில் வாழும் நாத்தனாரின் பழைய கைப்பேசியில் பதினொரு படங்கள் கிடைத்தன. தந்தையின் தோள்மீது மகள் அமர்ந்திருக்கும் படமும் அவற்றுள் இருந்ததாம். தெளிவு சற்றுக் குறைந்ததுதான். எனினும் முகம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்.

அன்று யாரோ அன்பினால் அனுப்பி வைத்த ஒரு படி, இன்று அக்குடும்பத்தின் செல்வமாக மீண்டது. தற்செயலாக நிகழ்ந்த அதனை நாம் திட்டமிட்டே செய்வோம். இவ்விதழை மூடிவைக்குமுன், உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் மட்டுமே இருக்கும் படங்கள் எவை, எழுத்துகள் எவை என்று ஒரு தாளில் குறியுங்கள். அடுத்த இடி முழங்குமுன் அவற்றுக்கு வேறோர் இருப்பிடம் தேடிக் கொடுங்கள்.